பெட்டியில் ஐந்துக்குத்தான் இடம்!

விடுமுறை பற்றிய பிரெஞ்சுச் சொற்களை மாணவர்கள் பட்டியலாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில்தான் வாக்கியம் வர மாட்டேங்குது. அந்தச் சொற்களைப் பேசும் தேவை வகுப்பில் வந்ததே இல்லை.

பலகையில் எட்டுப் பொருள்களை எழுதுங்கள்: நீச்சலுடைக்கு ‘மாயோ த பேன்’, கம்பளிச்சட்டைக்கு ‘புல்’, கறுப்புக் கண்ணாடிக்கு ‘லுனெத் த சொலெய்’, இப்படி. ஒரு குழு நீஸ் கடற்கரைக்கு, இன்னொன்று ஷமோனி பனிமலைக்கு. பெட்டியில் ஐந்துக்குத்தான் இடம். ‘பார்ஸ் க’, அதாவது ‘ஏனென்றால்’ என்று சொல்லிக் காரணம் கூற வேண்டும். ‘இல் ஃபே ஃப்ருவா’ (குளிராக இருக்கிறது) போன்ற ஓரிரு தொடர்களைப் பலகையில் கொடுத்துவிடுங்கள்.

“பனியிலும் கண்ணு கூசும், கண்ணாடி வேணும்!” என்று சண்டை வரும். வரட்டும், பிரெஞ்சில் போடட்டும். கடைசியில் ஐந்து வாக்கியம் எழுதட்டும். நம் தமிழ் வகுப்பிலும் செய்து பாருங்களேன்!