எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

ஒழுகும் ஓட்டு வீட்டில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நீர் சொட்டும் இடத்திற்கு நேர் மேலே ஓடு உடைந்திருப்பதில்லை. உச்சியில் எங்கோ புகுந்த நீர், சட்டத்தைப் பற்றிக்கொண்டு சரிந்து வந்து நம் பாயின் மேல் விழுகிறது. பழைய மோட்டார் வண்டியில் காணும் எண்ணெய்க் கசிவும் இத்தகையதே. சொட்டு விழும் இடத்தை அறிவது எளிது. எண்ணெய் புறப்படும் இடத்தை அறிவதுதான் வேலை.

நம் வடசென்னைக்கும் பழைய கார்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்திலிருந்து உறுப்புகளை வரவழைத்து, 1949 முதல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களை இணைத்துக் கட்டியது. 1955இல் அது அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிற்று. பின்னர் லாரிகளும் பேருந்துகளுமே அதன் தொழிலாயின. ஆயினும் அந்த ஆஸ்டின் கார்களுள் சில இன்னும் உயிரோடு உள்ளன. எம்.கே.பி. நகரில் எங்கள் தெருவிலேயே ஒன்று நிற்கிறது. நான்கு சிலிண்டர், 1200 கன சென்டிமீட்டர், ஏறத்தாழ 40 குதிரைத்திறன் கொண்ட என்ஜின் அதற்கு.

பழைய என்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் செய்தவர்கள் பலர். ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாமல் இருக்கும் வண்டியே பழம்பெரும் வண்டியாகப் பதிவுபெறும். என்ஜின் மாறினால் அந்தத் தகுதி போய்விடும். ஆகவே, ஒழுகும் என்ஜினைச் செவ்வனே பழுதுபார்க்கத் தெரிந்திருப்பது நலம்.

என்ஜினின் அடியில் சம்ப் என்னும் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து பம்பு எண்ணெயை உறிஞ்சித் தாங்கிகளுக்கு அனுப்புகிறது. சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் உலோகத்திற்கும் இடையே எண்ணெய் மெல்லிய படலமாக நின்று, இரண்டும் உரசாமல் காக்கிறது. தொட்டியில் எண்ணெய் குறைந்துவிட்டால் அப்படலம் அறுபட்டுத் தாங்கி எரிந்து போகும். கசிந்த எண்ணெய் கிளட்ச் தட்டை நனைத்தால், மேம்பாலத்தின் ஏற்றத்தில் என்ஜின் உறுமும், வண்டி நகராது. பின்னச்சிலிருந்து கசிவது பிரேக் கட்டையை நனைத்தாலோ, நேரும் விபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தரை அழுக்காகிறதே என்பது இவற்றுக்கெல்லாம் பிற்பட்ட கவலை.

சரி, தேடத் தொடங்குவோம். முதல் வேலை ஸ்பானரை எடுப்பதன்று, துணியை எடுப்பது. பல ஆண்டு அழுக்கு அப்பிய என்ஜினில் எதையும் காண இயலாது. ஆறிய என்ஜினை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவி, துடைத்து, நன்கு உலரவிட வேண்டும். பிறகு வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து, முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துவிட்டு, இரவு முழுதும் விட்டுவிடுங்கள். காலையில் அட்டையே ஒரு வரைபடம். கறுத்த எண்ணெயானால் என்ஜினுடையது. புகைக்கரியைச் சுமப்பதால் அது கறுக்கிறது. தேன் நிறமானால் பெரும்பாலும் கியர்ப்பெட்டியைச் சேர்ந்தது. அங்கே எரிதல் இல்லையாதலால் கரியும் இல்லை.

அடுத்து வேண்டுவது சாக்கட்டித் தூள். ஆசிரியர் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை! உலர்ந்த என்ஜினின் மூடிகள் சேரும் விளிம்புகளில் அத்தூளை மெல்லப் பூசிவிட்டு, என்ஜினைச் சூடேறும்வரை ஓடவிட வேண்டும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியானது. சூடேறினால் இளகி, நுண்ணிய இடுக்கிலும் நுழைந்து வரும். எண்ணெய் எங்கே முதலில் வெளிப்படுகிறதோ அங்கே வெண்தூள் கறுத்துக் காட்டும். இக்காலத்தில் எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, புற ஊதா விளக்கால் பார்க்கிறார்கள். அதுவும் நல்ல முறையே. ஆனால் தத்துவம் ஒன்றுதான். ஈரம் கண்ட இடங்களுள் எது மிக உயரத்தில் உள்ளதோ, எது மிக முன்னே உள்ளதோ, அதையே முதலில் ஐயுற வேண்டும். ஏனெனில் எண்ணெயைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. விசிறியின் காற்றும் வண்டியின் வேகமும் பின்னே தள்ளுகின்றன.

எங்கள் தெருவின் ஆஸ்டினில் சம்பின் பின்விளிம்பில் எண்ணெய் சொட்டியது. சம்பின் தக்கை கேஸ்கெட்டை இருமுறை மாற்றியும் சொட்டு நிற்கவில்லை. சாக்கட்டித் தூள் பூசிப் பார்த்தபோது, சம்பின் விளிம்பு வெண்மையாகவே இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, வால்வுத் தண்டுகளை மறைக்கும் பக்க மூடியின் ஓரம் கறுத்தது. அம்மூடியின் கேஸ்கெட்டும் புதியதே. பின் ஏன் கசிந்தது?

பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு நன்றாயிருந்தாலும் எரிந்த வாயுவில் சிறிது அவற்றைத் தாண்டி என்ஜினின் அடிவயிற்றுக்குள் இறங்கியே தீரும். அது வெளியேறுவதற்கென்று ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். பழைய வண்டிகளில் அக்குழாய் தரையை நோக்கித் திறந்திருக்கும். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, எங்கே இடுக்கு கிடைத்தாலும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். நெடுநாள் ஓடாமல் நின்ற அந்த ஆஸ்டினின் மூச்சுக்குழாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது! கம்பியால் குத்திக் கூட்டை அகற்றிய பின், பக்க மூடியின் திருகைத் தொடாமலே கசிவு நின்றது. இப்படியொரு நிலை இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. என்ஜின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, அதன்மேல் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் மெல்ல அசைந்தால் இயல்பு. புகையோடு குபுகுபுவெனத் தள்ளினால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

கேஸ்கெட்டே குற்றவாளி என்று தெளிந்தால் மாற்றத்தான் வேண்டும். இங்கே பலரும் வலிமையை நம்புகிறார்கள். தகட்டாலான மூடியை இறுக்க இறுக்கத் திருகுத் துளையைச் சுற்றித் தகடு குழிந்து, இரு திருகுகளுக்கு நடுவே மேலெழும்பிவிடும். கசிவு முன்னிலும் மிகும். ஆகவே மூடியைக் கழற்றியதும் இரும்பு அளவுகோலை விளிம்பில் வைத்துப் பாருங்கள். குழிவு தெரிந்தால் மரக்கட்டையின் மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமன் செய்யலாம். கடையில் நெடுநாள் கிடந்த தக்கை கேஸ்கெட் சுருங்கித் துளைகள் ஒத்து வராமற் போகும். சிறிது நேரம் வெந்நீரில் ஊறினால் பழைய அளவுக்கு விரியும். நடுவிலிருந்து தொடங்கி மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். எண்ணெய் வடிக்கும் திருகின் செப்பு வாஷர், அழுந்தி அழுந்திக் கடினப்பட்டிருக்கும். அதை நெருப்பில் செந்நிறம் வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மென்மையாகும்.

ஒரு வகைக் கசிவை மட்டும் வேறாகக் கருத வேண்டும். அக்காலத்து ஆங்கிலேய என்ஜின்கள் பலவற்றில் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் அடைப்பு கிடையாது. தண்டிலேயே திருகு போன்ற வரி வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது அவ்வரி எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். என்ஜின் நின்றால் அதன் வேலையும் நின்றுவிடும். ஆகவே வண்டியைச் சரிவில் நிறுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு விழுவது வியப்பன்று. அது கிளட்ச்சுக்குப் போகாமல் வெளியே வடிய அடியில் ஒரு துளை இருக்கும்; பல வண்டிகளில் அத்துளையில் தளர்வாக ஒரு பின் தொங்கும். வண்டி குலுங்கும்போது அது ஆடி, துளை அடையாமல் காக்கிறது. ஒழுகுகிறதே என்று அத்துளையை அடைப்பவர் கிளட்ச்சை எண்ணெயில் முழுக்காட்டுகிறார்.

அத்தகைய கசிவுக்காக என்ஜினை இறக்க வேண்டுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். இரவுக்கு ஒரு சொட்டு என்றால் ஆண்டுக்கு 365 சொட்டு. அதாவது 18 மில்லிலிட்டர், ஒரு சிறு மருந்துக் குப்பி. ஆனால் ஓடும்போது பத்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுமானால் ஒரு மணி நேரத்திற்கே 360 சொட்டு. முன்னதன் ஓராண்டு இழப்பைப் பின்னது ஒரு மணியில் முடித்துவிடுகிறது! முன்னதை அட்டை விரித்துப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. பின்னதோடு வண்டியை எடுக்கவே கூடாது. எவ்வாறாயினும், புறப்படுமுன் அளவுக்கோலை இழுத்து எண்ணெய் மட்டத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

பழுதுபார்க்கையில் வடித்த எண்ணெயை என்ன செய்வது? தெருச் சாக்கடையில் ஊற்றினால் அது வியாசர்பாடியின் கேப்டன் காட்டன் கால்வாய்க்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போகும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, மீனவர்களின் படகையும் வலையையும் கறுப்பாக்கியதை நாம் கண்டோம். நம் தொட்டியின் எண்ணெய் அதனோடு ஒப்பிட்டால் சிறிதுதான். எனினும் 2016ஆம் ஆண்டு விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயக் கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. மூடியுள்ள தகரத்தில் ஊற்றி வைத்து, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர்ப்பிக்கும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.