மும்பையை நடந்து பார்க்க வழிகாட்டி வேண்டுமா?

செம்பூரில் குடியிருந்து, போர்ட் பகுதியில் குமாஸ்தா வேலை பார்க்கும் தமிழர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இருபது ஆண்டுகளாக அதே ரயில், அதே சாலை, அதே அலுவலகம். நெல்லைச் சீமையிலிருந்து அப்பா வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். வெளியே வந்ததும் அப்பா அண்ணாந்து பார்க்கிறார்.

"ஏலே, உச்சியிலே தீவட்டியோட ஒருத்தி நிக்காளே, அவ யாரு?"

"ஏதோ வெள்ளைக்காரன் வச்ச சிலைப்பா" என்று சொல்லிவிட்டு மகன் நடையைக் கட்டுகிறார்.

இந்தச் சங்கடம் நம்மில் பலருக்கும் வந்திருக்கும். பிழைக்க வந்த ஊரில் வழி தெரிந்துவிடுகிறது, ஊர் தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளக் காசு கொடுத்து வழிகாட்டியோடு போவதா, நாமே சுற்றுவதா?

வழிகாட்டி காட்டுவது

உச்சியில் நிற்கும் அந்தப் பெண் 'முன்னேற்றம்' என்பதன் உருவம். வாயில் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம். அது பிரிட்டனைக் குறிக்கும். மறு பக்கம் புலி, அது இந்தியா. 1878ல் வேலை தொடங்கிய இந்தக் கட்டடத்தின் சிற்பங்களில் பம்பாய் ஓவியக் கல்லூரி மாணவர்களின் கைவண்ணமும் உண்டு. எதிரே உள்ள மாநகராட்சிக் கட்டடத்தையும் வடிவமைத்தவர் இதே ஸ்டீவன்ஸ்தான். 2004ல் இந்த நிலையத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தினமும் பார்க்கும் கண்ணுக்கு இவை தட்டுப்படாது. விரல் நீட்டிக் காட்ட ஒருவர் வேண்டும். கூலி கொடுப்பது அதற்குத்தான். அலுவலகங்கள் இயங்கும் பழைய கட்டடங்களின் உள்ளே, அனுமதியோடு அழைத்துச் செல்லும் ஏற்பாடு இருந்தால் அதற்கும் வழிகாட்டி அவசியம்.

தனியாக நடந்தால்

தனியாகப் போனால் நேரம் நம் கையில். வயதானவர்கள் நிழல் கண்ட இடத்தில் உட்காரலாம். குழந்தை பசி என்றால் நிறுத்தலாம். குடும்பத்தில் ஐந்து பேர் இருந்தால் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுப்பது சம்பளக்காரருக்குப் பெரும் பாரம்.

மொழிச் சிக்கலும் உண்டு. இங்கே வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலம், இந்தி, மராத்தியில்தான் பேசுவார்கள். ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு அதில் பாதி கூடப் புரியாது. அவர் பொருட்டுக் கொடுத்த பணம் வீண்.

பேசி முடிவு செய்யுங்கள்

வழிகாட்டி வைத்துக்கொள்வதாக இருந்தால், கிளம்பும் முன்பே நான்கு விஷயங்களைக் கேளுங்கள். கட்டணம் தலைக்கா, கூட்டத்துக்கா? எத்தனை மணி நேரம்? எந்த மொழி? நுழைவுச் சீட்டு அதில் சேர்ந்ததா? அரசு அங்கீகாரம் பெற்றவர் என்று சொன்னால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பாதை

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல பாதை உண்டு. ரயில் நிலையத்திலிருந்து கேட்வே ஆப் இந்தியா வரை ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். ஞாயிறன்று அலுவலகங்கள் மூடியிருப்பதால் நெரிசல் குறைவு.

தாதாபாய் நவ்ரோஜி சாலையில் தெற்கே நடந்தால் ஹுதாத்மா சவுக் வரும். அங்குள்ள புளோரா நீரூற்று 1864ல் அமைந்தது. பக்கத்தில் இருப்பது, 1950களில் மராட்டிய மாநிலம் கேட்டுப் போராடி உயிர் நீத்தவர்களின் நினைவுச் சின்னம். கிழக்கே திரும்பினால் புனித தாமஸ் தேவாலயம். 1718ல் திறக்கப்பட்டது. பழைய கோட்டையில் இந்தத் தேவாலயத்துக்குப் போகும் வாயில்தான் சர்ச்கேட். 1860களில் கோட்டைச் சுவரை இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்து காலா கோடா. கறுப்புக் குதிரை என்று பொருள். ஏழாம் எட்வர்ட் மன்னர் குதிரை மேல் அமர்ந்திருந்த சிலை 1965ல் அகற்றப்பட்டது. 2017ல் வைத்த புதிய குதிரையின் மேல் ஆள் கிடையாது.

கடைசியில் கேட்வே. 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பி, 1924ல் முடித்த வாயில் இது. 1948 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு இதன் வழியாகத்தான் இந்தியாவை விட்டு வெளியேறியது. வரவேற்கக் கட்டிய வாயில் வழியனுப்பும் வாயிலாயிற்று!

எது நல்லது?

இரண்டும் நல்லதே, முறைதான் முக்கியம். முதலில் நீங்கள் மட்டும் ஒரு வழிகாட்டியோடு போங்கள். ஒரு ஆளுக்கான செலவுதான். கேட்டதைச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பாதையில் மனைவி மக்களை, ஊரிலிருந்து வரும் அம்மாவை, அத்தையை நீங்களே அழைத்துப் போங்கள். தமிழில் சொல்லுங்கள்.

அடுத்த முறை அப்பா அண்ணாந்து பார்த்துக் கேட்டால், "அவ பேரு முன்னேற்றம்பா" என்று மகன் சொல்ல முடியும். இருபது ஆண்டுகள் உழைத்த ஊரைப் பற்றி அந்த அளவாவது சொல்லத் தெரிய வேண்டாமா?