உறுப்பினர் பகுதிக்கு எல்லாருக்கும் ஒரே சாவியா?



விலை ரகசியம் காப்பது நமக்குப் புதிதல்ல. ஜவுளிக் கடைகளில் அடக்க விலையை எழுத்துக் குறியாகச் சீட்டில் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. வாங்க வந்தவருக்கு அது வெறும் எழுத்து. கடைக்காரருக்கு அதுதான் கணக்கு. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் இப்படிப்பட்ட சொல்லைக் குழூஉக்குறி என்று இலக்கணமே சொல்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது நாம் பள்ளியில் படித்த உதாரணம்.

இன்று வணிகர் சங்கங்கள் இணையதளம் வைத்துக்கொள்கின்றன. அதில் பொதுமக்கள் பார்க்க ஒரு பகுதி, உறுப்பினர் மட்டும் பார்க்க ஒரு பகுதி. மொத்த விலைப் பட்டியலும் உறுப்பினர்களின் கைபேசி எண்களும் நிலுவை விவரங்களும் உள்பகுதியில் இருக்கும். இவை வெளியே போனால் நஷ்டம் நமக்கே.

அந்தப் பகுதிக்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரே பாஸ்வேர்டு கொடுப்பது சுலபம். ஆனால் 300 பேரிடம் இருக்கும் சாவி, சாவியே அல்ல. ஒரு கடையின் குமாஸ்தா வேலையை விட்டுப் போனால் அதுவும் அவரோடு போகும். பட்டியல் வெளியே போனால் யார் மூலம் போனது என்று கண்டுபிடிக்க முடியாது. மாற்றுவதென்றால் 300 பேருக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சியே யாரும் மாற்றுவதில்லை.

பாஸ்வேர்டு கசிவது பழைய கதைதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் பலர் பங்கிட்டுப் பயன்படுத்திய கணினி ஒன்று இருந்தது. 1962இல் அங்கு ஓர் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், எல்லாருடைய பாஸ்வேர்டு பட்டியலையும் அச்செடுத்துக்கொண்டார். 1966இல் கோப்புகள் இடம் மாறி, உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பட்டியலே வரவேற்புச் செய்தியாகத் தெரிந்தது. பட்டியலை அப்படியே எழுதி வைத்திருந்ததால் வந்த வினை இது.

எனவே தளம் அமைத்துத் தருபவரிடம் சங்க நிர்வாகிகள் கேட்க வேண்டியவை:

1. ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு உண்டா? விலகியவருடையதை மட்டும் அன்றே நீக்க முடியுமா?

2. பாஸ்வேர்டுகளை 'ஹாஷ்' செய்து வைக்கிறார்களா? அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. அதுபோல, ஹாஷ் செய்ததிலிருந்து பாஸ்வேர்டை நேராகத் திரும்ப எடுக்க முடியாது. மறந்து போனீர்கள் என்றால் பழைய பாஸ்வேர்டையே எடுத்து அனுப்பும் தளம் அப்படிச் செய்யவில்லை என்று அறியலாம்.

3. பூட்டு பக்கத்துக்கு மட்டுமா, உள்ளிருக்கும் கோப்புக்கும் உண்டா? பக்கம் பாஸ்வேர்டு கேட்கும். விலைப் பட்டியலின் முகவரியை நேரே அடித்தால் கேட்காமலே திறக்கும். வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைத்த கதைதான். கூகுள் தேடலிலும் அது அகப்படலாம்.

4. தளத்தின் முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்குகிறதா? இல்லையேல் பாஸ்வேர்டு போகும் வழியிலேயே பிறர் படிக்க இடமுண்டு.

உறுப்பினர்களின் பங்கும் உண்டு. கடைப் பெயரையும் போன் எண்ணையும் பாஸ்வேர்டாக வைக்க வேண்டாம். ஜி.எஸ்.டி.க்கும் வங்கிக்கும் உள்ளதையே இங்கும் வைக்க வேண்டாம். ஒன்று கசிந்தால் மூன்றும் போகும். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, நீளமே முக்கியம் என்கிறது. தவணை வைத்து மாற்றச் சொல்வதும் தேவையில்லை. கசிந்தால் உடனே மாற்ற வேண்டும் என்கிறது. சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். அதைத் தெரிந்த பணியாள் விலகினால், கல்லாச் சாவியைக் கேட்டு வாங்கும் அன்றே பாஸ்வேர்டையும் மாற்றிவிடுவோம்.

அடுத்த செயற்குழுவில் இந்த நான்கு கேள்விகளையும் வைப்போம். பதில் வரும்வரை விலைப் பட்டியலைத் தளத்தில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.