ஒரே வழியில் ஏவலும் செய்தியும்

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்கென அமைந்தது. கணிப்பொறியோ எழுத்தையும் எண்ணையும் மின்துடிப்பாகவே அறியும். துடிப்பை ஓசையாக்கி அனுப்பி, வரும் ஓசையை மீண்டும் துடிப்பாக்கும் இடைக்கருவியே மோடம். தொடக்க நாளில் பலரும் எண்ணைக் கையால் சுழற்றி, மறுமுனையில் கீச்சொலி எழுந்தபின் தொலைபேசிக் கைப்பிடியை அக்கருவியின் இரு குழிகளில் பொருத்துவர். அமெரிக்க நாட்டு ஜார்ஜியா மாநிலத்தில் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் ஆகியோரின் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் இத்தொல்லையை நீக்கிற்று. நொடிக்கு 300 பிட், அதாவது ஏறத்தாழ 30 எழுத்துகள் அனுப்பவல்ல அப்பெட்டிக்கு, எழுத்துகளைத் தட்டியே ஆணையிடலாயிற்று.

ஆணைகள் ஏ, டி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். ‘கவனி’ எனப் பொருள்படும் ‘அட்டென்ஷன்’ என்பதன் சுருக்கம் அது. ஆசிரியர் மாணவனைப் பெயர் சொல்லி விளித்தபின் வினாவைத் தொடுப்பது போன்றதெனலாம். அவ்விளிக்கு வேறொரு பயனும் உண்டு. அவ்விரண்டு எழுத்துகளும் வரும் வேகத்தைக் கொண்டே கணிப்பொறியின் வேகத்தை மோடம் கணித்துக்கொள்ளும். அடுத்து ‘டயல்’, ‘டோன்’ என்பவற்றின் முதலெழுத்துகளையும் எண்ணையும் இட்டால் அழைப்பு செல்லும். எண்களிடையே காற்புள்ளி வந்தால் கருவி இரண்டு நொடி நிற்கும். காற்புள்ளியில் ஒரு மாத்திரை நிறுத்துக எனப் பன்முறை சொல்லியும் நில்லாது ஓடும் மாணவரை அறிந்தோர், இதன் ஒழுக்கத்தை மெச்சுவர்.

உண்மையான இடர் இணைப்புக் கிடைத்தபின்னரே தோன்றுகிறது. அப்போது தட்டும் எழுத்தெல்லாம் செய்தியாகி மறுமுனைக்குப் போய்விடும். ‘தொடர்பைத் துண்டி’ என்னும் ஆணையும் வெறும் எழுத்தாய் அங்கே போய் நிற்கும். வழி ஒன்றே, அதில் ஏவலையும் செய்தியையும் பிரித்தறிவது எங்ஙனம்?

மூன்று கூட்டல் குறிகள் வந்தால் ஏவலுக்குச் செவிசாய்க்க என வகுத்தனர். ஆயினும் அனுப்பும் ஏட்டிலேயே அம்மூன்று குறிகள் இருந்துவிட்டால்? இதற்கு ஹெதரிங்டன் கண்ட விடை மிக எளியது: அமைதி. குறிகளுக்கு முன் ஒரு நொடியும் பின் ஒரு நொடியும் வேறெழுத்து வாராதிருந்தால் மட்டுமே அவை ஏவல். இடைவிடாது ஓடும் செய்தியில் அவ்வமைதி அமைவது அரிது. எழுத்து செய்யாத வேறுபாட்டை இடைவெளி செய்தது. 1985இல் இதற்குக் காப்புரிமையும் கிட்டிற்று.

உரிமைப் பணம் கொடுக்க விரும்பாத வேறு சிலர், அமைதியை விட்டுவிட்டு, குறிகளை அடுத்துச் சரியான ஆணையொன்று வந்தாற்போதும் எனத் தம் மோடங்களை அமைத்தனர். அதனால் தீங்கு விளைந்தது. குறிகளையும் துண்டிப்பாணையையும் விளக்கி எழுதிய பாடமொன்றை அவற்றின் வழி அனுப்பினால், பாடமே ஆணையாகித் தொடர்பு அறுந்துவிடும்! 1990களின் இறுதியில் குறும்பர் இதனை அறிந்துகொண்டனர். ‘வந்ததை அப்படியே திருப்பி அனுப்புக’ என இணையவழி கேட்கும் சிறு செய்திக்குள் அவ்வெழுத்துகளைப் பொதிந்து விடுத்தனர். பெற்ற கணிப்பொறி பணிவோடு திருப்பி அனுப்ப, அதன் மோடமே தொடர்பை அறுத்துக்கொண்டது. அறியாதார் கம்பியைப் பழித்தனர்.

ஹேய்ஸ் நிறுவனம் 1999இல் கலைந்தது. ஏ, டி என்னும் விளி மட்டும் செல்பேசி வலையில் இணையும் மோடங்களில் இன்றும் வழங்குகிறது. குறுஞ்செய்தி அனுப்பும் ஆணையும் அவ்விரண்டு எழுத்துகளோடே தொடங்குகிறது.