கயிறு யார் கையில்? - வீட்டில் பேசிவைக்க வேண்டிய கடைசி விருப்பம்

முத்துக்குளிப்பவர் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கும்போது, கயிற்றின் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் மேலே இழுக்க வேண்டியது அவர் பொறுப்பு. அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். தங்கச்சி தாலிக்காகவாவது கவனமாக இருப்பார் என்ற நம்பிக்கை!

இங்கே அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. ஆனால், கயிறு யார் கையில் என்ற கேள்வி இன்றைக்கும் இருக்கிறது, ஐ.சி.யூ வாசலில்.

அப்பாவுக்கு நினைவில்லை. வென்டிலேட்டர் வைக்கலாமா என்று டாக்டர் கேட்கிறார். வ.உ.சி. துறைமுகம் இருக்கும் ஊரில் ஒரு பிள்ளை கப்பலிலும் இன்னொரு பிள்ளை வெளிநாட்டிலும் இருப்பது சகஜம். 'எப்படியாவது காப்பாத்துங்க' என்று ஒருவர் போனில் அழுகிறார். 'இதுக்கு மேல அவரைக் கஷ்டப்படுத்தாதீங்க' என்கிறார் மற்றவர். இரண்டுமே பாசம்தான். அப்பாவின் விருப்பம் என்ன என்பதுதான் யாருக்கும் தெரியாது.

மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்து, 42 ஆண்டுகள் படுக்கையில் இருந்து 2015-ல் இறந்தார். அவரைக் கருணைக்கொலை செய்யக் கோரிய வழக்கை 2011-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களும் எதிர்த்தார்கள். எல்லோரும் பேசினார்கள்; அருணாவால் மட்டும் பேச முடியவில்லை.

2018 மார்ச் 9 அன்று, கண்ணியமாக இறப்பதும் அடிப்படை உரிமையே என்று கூறி, 'லிவிங் வில்' எழுத உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது.

எப்படி எழுதுவது?

* 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம்.

* 2 சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று பெற வேண்டும்.

* நமக்காக முடிவு சொல்ல வேண்டியவர்களின் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஒருவருக்கு மேலும் குறிப்பிடலாம்.

* எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

இது ஊசி போட்டு உயிரை எடுப்பதல்ல. சட்டம் அதை அனுமதிப்பதில்லை. குணமாகும் வாய்ப்பே இல்லாதபோது, மரணத்தைத் தள்ளிப்போட மட்டுமே உதவும் சிகிச்சையை நிறுத்துவது அல்லது தவிர்ப்பது. அதற்கும் 2 மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் கவனிப்பு கடைசிவரை தொடரும்.

பேச்சை எப்படித் தொடங்குவது?

'அச்சானியமா பேசாத' என்று பெரியவர்கள் அதட்டலாம். 'உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா' என்று ஆரம்பித்தால் அப்படித்தான் வரும். 'எனக்கு இப்படி ஆனா, இதைச் செய்யுங்க' என்று நம்மிடமிருந்து தொடங்கினால், அவர்களும் மெல்ல மனம் திறப்பார்கள். கடைசி நாள்கள் வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? மெஷின் வேண்டுமா? யார் பேச்சை டாக்டர் கேட்க வேண்டும்? இந்த மூன்றும் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். பதிலை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுவது அவசியம்.

கயிறு எப்படி அசைந்தால் இழுக்க வேண்டும் என்பது மச்சானுக்கு முன்பே தெரியும். தண்ணீருக்குள் போன பிறகு அதைச் சொல்லித்தர முடியாது.