பேரப்பிள்ளைகள் படிக்கும் சார்ட்டர் பள்ளி: ஆசிரியரை நீக்கினால் யாரிடம் கேட்பது?

நம் ஊரில் பல வீடுகளில் இன்று மகளோ, மகனோ, மருமகனோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். லீவுக்கு வரும்போதும் போனில் பேசும்போதும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சு வராமல் இருக்காது. அந்தப் பேச்சில் இப்படி ஒரு குறையும் வருவதுண்டு. "பிள்ளைக்குப் பிடித்த டீச்சரை வருஷத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். பள்ளியில் கேட்டால் போர்டு எடுத்த முடிவு என்கிறார்கள். போர்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. கல்வி அலுவலகத்தில் கேட்டால், அது சார்ட்டர் பள்ளி, எங்கள் கையில் இல்லை என்கிறார்கள்."

கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. கட்டணம் வாங்காத பள்ளி என்றால் அரசுப் பள்ளிதானே? அரசுப் பள்ளி என்றால் அதிகாரியிடம் மனு கொடுக்கலாமே? இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். படித்துவிட்டு அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

சார்ட்டர் பள்ளி என்றால் என்ன?

'சார்ட்டர்' என்பது ஓர் ஒப்பந்தம். ஒரு குழுவினர் அரசு அங்கீகரித்த அமைப்பிடம் சென்று, "இன்ன பாடத்திட்டத்தில், இன்ன இலக்குகளோடு ஒரு பள்ளியை நடத்துகிறோம்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஏற்கப்பட்டால், சில ஆண்டுகளுக்கு, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, அனுமதி கிடைக்கும். தவணை முடிந்ததும் பள்ளியைச் சோதித்துப் பார்த்துப் புதுப்பிப்பார்கள், அல்லது மூடச் சொல்வார்கள்.

இதற்கு முதன்முதலில் சட்டம் போட்டது மின்னசோட்டா மாநிலம், 1991-இல். அடுத்த ஆண்டே அங்குள்ள செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறக்கப்பட்டது. இன்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டம் இருக்கிறது. சுமார் 37 லட்சம் பிள்ளைகள் இந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் பொதுவாகக் குலுக்கல் முறையில் சேர்க்கை நடக்கும். செலவு மக்களின் வரிப்பணம். நடத்துவதோ பெரும்பாலும் லாப நோக்கமில்லாத தனி அமைப்பு.

நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளி போல என்று தோன்றும். ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இங்கே உதவி பெறும் பணியிடத்தில் இருக்கும் ஆசிரியருக்கு அரசே சம்பளம் தருகிறது. அங்கே அரசு ஆசிரியருக்கு என்று தனியாகப் பணம் தருவதில்லை. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பள்ளிக்குத் தருகிறது. சம்பளம், வாடகை, பஸ், மின்சாரம் எல்லாவற்றையும் பள்ளி அதற்குள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் நீக்கத்துக்கான காரணத்தில் பாதி இங்கேயே இருக்கிறது.

ஆசிரியரை ஏன் நீக்குகிறார்கள்?

ஒரு பிள்ளைக்கு 10,000 டாலர் வருகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 30 பிள்ளைகள் குறைந்தால் 3 லட்சம் டாலர் போய்விடும். 30 பிள்ளைகளும் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை. இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று குறைவார்கள். கட்டட வாடகையும் குளிர்கால ஹீட்டர் செலவும் குறையாது. எனவே வெட்டு விழுவது சம்பளத்தில்தான். ஆண்டு தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் பல மாநிலங்களில் தலை எண்ணிக்கை எடுப்பார்கள். அதில் எண்ணிக்கை குறைந்தால் ஆண்டின் நடுவிலேயே ஆசிரியர்களை நிறுத்தும் நிலை வருகிறது.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. கொரோனா காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் பள்ளிகளுக்கு மூன்று தவணைகளில் சுமார் 19,000 கோடி டாலர் ஒதுக்கியது. அதை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்ய வேண்டிய கெடு 2024 செப்டம்பரோடு முடிந்தது. அந்தப் பணத்தை நம்பிக் கூடுதல் ஆட்களைச் சேர்த்த பள்ளிகள், சார்ட்டர் பள்ளிகள் மட்டுமல்ல, சாதாரண அரசுப் பள்ளிகளும், அவர்களுக்கு எங்கிருந்து சம்பளம் கொடுப்பது என்று தடுமாறின.

சார்ட்டர் பள்ளிகளில் ஆசிரியர் சங்கம் இருப்பது குறைவு. பல இடங்களில் ஆசிரியரின் வேலை ஓராண்டு ஒப்பந்தம்தான், அல்லது நிர்வாகம் விரும்பும்வரைதான். எனவே முடிவு சீக்கிரம் எடுக்கப்படுகிறது. பெற்றோருக்குத் தெரிவதோ கடைசியில்.

மூன்று கதவுகள்

பெற்றோர் தவிப்பதற்கு முக்கியக் காரணம், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாததுதான். கதவுகள் மூன்று.

முதலாவது, பள்ளியின் நிர்வாகக் குழு. போர்டு என்பது இதுதான். வரவு செலவை ஒப்புக்கொள்வதும் தலைமையாசிரியரை நியமிப்பதும் இதன் பொறுப்பு. சாதாரணப் பள்ளி மாவட்டத்தின் குழுவைப் பெரும்பாலும் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சார்ட்டர் பள்ளியில் பல மாநிலங்களில் இருக்கும் உறுப்பினர்களே அடுத்த உறுப்பினரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படியில்லை. மின்னசோட்டாவில் குழுவில் ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் இருந்தே ஆக வேண்டும். பெற்றோருக்கு ஓட்டுரிமையும் உண்டு.

இரண்டாவது, நிர்வாக நிறுவனம். சில குழுக்கள் பள்ளியை அன்றாடம் நடத்தும் பொறுப்பை ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிடுகின்றன. ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவதும் நிறுத்துவதும் அந்த நிறுவனமாகவே இருக்கலாம். கட்டட உரிமையாளர் யார், நிறுவனத்துக்குப் போகும் பணம் எவ்வளவு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும்.

மூன்றாவது, அனுமதி கொடுத்த அமைப்பு. அது பள்ளி மாவட்டமாகவோ, பல்கலைக்கழகமாகவோ, மாநில வாரியமாகவோ இருக்கலாம். ஓர் ஆசிரியரை ஏன் நீக்கினீர்கள் என்று இது பொதுவாகக் கேட்காது. ஒப்பந்தத்தை மீறினார்களா, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்கும். அனுமதியைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் இதுதான்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்தது

இந்த முறையின் நன்மையையும் வலியையும் ஒருசேரப் பார்க்க லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சொல்லலாம். 2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் அந்த நகரை மூழ்கடித்தது. அதற்கு முன்பே அந்நகரப் பள்ளிகள் ஊழலாலும் மோசமான தேர்ச்சியாலும் பெயர் கெட்டிருந்தன. புயலுக்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மாநில அரசு தன் கைக்கு எடுத்து, படிப்படியாகச் சார்ட்டர் அமைப்புகளிடம் கொடுத்தது. பள்ளி ஊழியர்கள் 7,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். அவர்களில் பலர் வீட்டையும் வெள்ளத்தில் இழந்தவர்கள்.

ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். 2012-இல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2014-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. புயலுக்கு முன் அந்நகர ஆசிரியர்களில் சுமார் 71 சதவீதம் பேர் கறுப்பின மக்கள். 2014 வாக்கில் அது 50 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பிள்ளைகளின் அக்கம்பக்கத்தில் வாழ்ந்து, அவர்களின் பெற்றோருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் பலர் திரும்பி வரவேயில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்நகரத்தின் துலேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேர்வு மதிப்பெண்களும் பள்ளிப் படிப்பை முடிப்போர் எண்ணிக்கையும் தெளிவாக உயர்ந்ததைக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே மாற்றம் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் "எந்தப் பள்ளி வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுங்கள்" என்று பெற்றோருக்குச் சொன்னார்களே தவிர, "இந்தப் பள்ளி எப்படி நடக்க வேண்டும்" என்று அவர்களைக் கேட்பது குறைந்துபோனது. பிடிக்கவில்லை என்றால் வேறு பள்ளிக்குப் போகலாம், அவ்வளவுதான்.

2018-இல் பள்ளிகளின் மேற்பார்வை மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளூர்க் கல்விக் குழுவுக்குத் திரும்பியது. 2024 ஆகஸ்டில் அந்தக் கல்விக் குழுவே நேரடியாக நடத்தும் பள்ளி ஒன்றும் திறக்கப்பட்டது.

மின்னசோட்டாவில் ஒரு பள்ளி

அதே மின்னசோட்டாவில் 2003-இல் தாரிக் இப்னு ஜியாத் அகாடமி என்ற சார்ட்டர் பள்ளி தொடங்கியது. படித்தவர்களில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள். தேர்வு முடிவுகளில் நல்ல பெயர் இருந்தது. சார்ட்டர் பள்ளி மக்கள் வரிப்பணத்தில் நடப்பதால் மதப் போதனை கூடாது என்பது சட்டம். இந்த எல்லையைப் பள்ளி மீறியதாகச் சொல்லி 2009-இல் ஒரு சிவில் உரிமை அமைப்பு வழக்குத் தொடுத்தது. பள்ளி அதை மறுத்தது.

அதே ஆண்டில் மாநிலச் சட்டமும் மாறியது. அந்தப் பள்ளிக்கு அனுமதி கொடுத்திருந்த அமைப்பு வெளிமாநிலத்தைச் சேர்ந்தது. புதிய சட்டப்படி அது தொடர முடியவில்லை. வேறோர் அமைப்பின் கீழ் போக வழி கிடைக்காமல் 2011 கோடையில் பள்ளி மூடப்பட்டது. பிள்ளைகள் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தும், அனுமதிப் பத்திரத்தில் வந்த சிக்கலால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. மார்க்கை மட்டும் பார்த்துப் பள்ளியை நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

பெற்றோர் என்ன செய்யலாம்?

அங்கிருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை இவை.

1. பள்ளியில் சேர்க்கும்போதே மூன்று பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள்: நிர்வாகக் குழு, நிர்வாக நிறுவனம் இருந்தால் அது, அனுமதி கொடுத்த அமைப்பு. அனுமதி எந்த ஆண்டு முடிகிறது என்பதையும் கேளுங்கள்.

2. குழுக் கூட்டங்களுக்குப் போங்கள். பெரும்பாலான மாநிலங்களில் இவை பொதுமக்கள் வரக்கூடிய திறந்த கூட்டங்கள். பேசவும் சில நிமிடம் தருவது வழக்கம். கலிபோர்னியாவில் 2019-இல் வந்த சட்டம், சார்ட்டர் பள்ளிகளும் திறந்த கூட்டச் சட்டத்துக்கும் பொது ஆவணச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

3. ஆசிரியரை நீக்கிய பிறகு கோபப்படுவதைவிட, பட்ஜெட் பேசப்படும் கூட்டத்தில் கேள்வி கேட்பது மேல். அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை பேசப்படும். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று கணக்கிட்டிருக்கிறீர்கள், குறைந்தால் எதை முதலில் வெட்டுவீர்கள் என்று அப்போதே கேளுங்கள்.

4. கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுத் தணிக்கை அறிக்கையைப் பள்ளியிடம் கேட்கலாம். லாப நோக்கமில்லாத பெரும்பாலான அமைப்புகள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் 990 படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயர் நிர்வாகிகளின் சம்பளம் அதில் இருக்கும்.

5. தனியாகப் போகாதீர்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து எழுதிய ஒரு பக்கக் கடிதத்துக்கு, தேதியும் கையெழுத்தும் இருந்தால், பதில் சொல்லாமல் இருப்பது கடினம். நகலை அனுமதி கொடுத்த அமைப்புக்கும் அனுப்புங்கள்.

6. ஆசிரியர் போன பிறகு வகுப்பை யார் எடுக்கிறார்கள் என்று எழுத்து மூலம் கேளுங்கள். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்திருக்கும் உதவிகள், ஆசிரியர் குறைந்தாலும் நிற்கக் கூடாது. அது மத்தியச் சட்டம் தந்த உரிமை.

நிறுத்தப்பட்ட ஆசிரியர் எப்போதும் திரும்பி வருவார் என்று நாம் சொல்ல முடியாது. பணம் உண்மையிலேயே இல்லாத பள்ளியும் உண்டு. அப்போதும் கணக்கைக் காட்டி, பெற்றோரோடு மஷூரா செய்து எடுத்த முடிவுக்கும், இரவோடிரவாக இமெயிலில் வந்த முடிவுக்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்னதில் பிள்ளையைச் சமாதானப்படுத்தப் பெற்றோருக்கு ஒரு காரணமாவது கையில் இருக்கும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேறு. பள்ளியில் பேசும் உரிமை வேறு. முதலாவதைச் சார்ட்டர் முறை தானாகவே கொடுக்கிறது. இரண்டாவதைப் பெற்றோர்தான் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை போனில் பேசும்போது, "பிள்ளை எத்தனை மார்க்?" என்று கேட்டதோடு, "போர்டு மீட்டிங் என்றைக்கு? நீ போகிறாயா?" என்றும் கேட்டுப் பாருங்கள்.