பொடியைக் கரைத்தால் பேனா மை ரெடி... ஆனால் எந்தத் தண்ணீரில்? காரைக்கால்காரர்கள் கவனிக்க வேண்டியவை

ஒரு சிட்டிகை பொடி, கொஞ்சம் தண்ணீர், ஒரு பழைய கண்ணாடி பாட்டில். ஃபவுன்டன் பேனாவுக்கு மை தயார். கேட்டால் ரசம் வைப்பதைவிட சுலபமாகத் தெரிகிறது. சுலபம்தான். ஆனால் காரைக்கால் மாதிரி கடலோர ஊரில் இந்த வேலையில் முதலில் காலை வாருவது தண்ணீர்தான்.

தாத்தாவின் பேனாவை பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்து, ஆபீஸ் டைரியில் எழுத ஆரம்பிக்கும் இளைஞர்கள் இப்போது கணிசமாக உண்டு. அடுத்த கேள்வி மை. பாட்டிலாக ஆர்டர் போட்டால் கூரியரில் உடையும், ஒழுகும். பொடி என்றால் ஒரு கவரில் வந்துவிடும். விரும்பிய அடர்த்தியில் கலந்துகொள்ளலாம். ஆனால் தப்பான கலவை உள்ளே போனால், அம்பது வருஷப் பேனா ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால் கலக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

மை ஏன் பொடியாக வந்தது?

மையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அனுப்புவானேன் என்ற கணக்கில் பிறந்ததுதான் மைப்பொடி. இதை இன்னும் சுலபமாக்கியது செயற்கைச் சாயங்கள். 1856-ல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியா மருந்து தயாரிக்க முயன்று தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதன்பிறகு தண்ணீரில் சட்டென்று கரையும் சாயங்கள் வரிசையாக வந்தன.

முதல் உலகப் போர் காலத்தில் பார்க்கர் நிறுவனம் 'ட்ரெஞ்ச் பென்' என்று ஒரு பேனாவை விற்றது. அதன் வால் பகுதியில் மை வில்லைகள் இருக்கும். பதுங்குகுழியில் இருக்கும் சிப்பாய் ஒரு வில்லையைத் தண்ணீரில் போட்டுக் கரைத்தால் வீட்டுக்குக் கடிதம் எழுதிவிடலாம். மை பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போர்முனைக்குப் போக முடியாதே.

இந்தியாவின் கதையும் பொடியில்தான் தொடங்குகிறது. இன்று வாட்டர் கலர், ஜாமெட்ரி பாக்ஸ் என்றால் நினைவுக்கு வரும் கேம்லின், 1931-ல் மும்பையில் தண்டேகர் சகோதரர்கள் தொடங்கிய சின்னத் தொழில். முதலில் விற்ற சரக்கு 'குதிரை மார்க்' மைப்பொடியும் மை வில்லையும். ஃபவுன்டன் பேனாவுக்கான 'கேமல்' மை அதற்குப் பிறகுதான் வந்தது. 1934-ல் வங்காளத்தின் ராஜ்ஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் தொடங்கிய 'சுலேகா'வுக்கு வேறு பின்னணி. வெளிநாட்டு மையில் எழுதாமல் இருக்க சுதேசி மை வேண்டும் என்று காந்தி விரும்பியதன் தொடர்ச்சி அது.

காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தபோது...

1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வசம் வந்த காரைக்கால், இடையில் சில காலம் பிரிட்டிஷார் கைக்குப் போய்த் திரும்பினாலும், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில்தான் இருந்தது. அந்தக் காலத்துப் பிரான்சில் பள்ளிக்கூட மையின் நிறமே ஊதா. வகுப்பு வாத்தியார் பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு மேசையிலும் பதித்திருக்கும் பீங்கான் மைக்கூட்டில் ஊற்றுவார். பிள்ளைகள் இரும்பு நிப்பைத் தொட்டுத் தொட்டு எழுதுவார்கள். பால்பாயின்ட் பேனாவை வகுப்பில் பயன்படுத்தலாம் என்று பிரெஞ்சுக் கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது 1965-ல்தான். அதாவது, காரைக்கால் இந்தியாவோடு இணைந்து பத்து வருஷம் கழித்து!

நம்ம பக்கத்தில் மை பாட்டிலை ஓரங்கட்டியதும் ஒரு பிரெஞ்சுப் பெயர்தான். வெள்ளை உடம்பு, நீல மூடி வைத்த ரெனால்ட்ஸ் 045. சென்னையில் தயாராகி வீட்டுக்கு வீடு வந்த அந்தப் பேனாவுக்குப் பிறகு, "ரெண்டு சொட்டு இங்க் குடுடா" என்று பெஞ்சில் கை நீட்டும் பழக்கமும், இங்க் கக்கினால் சாக்பீஸை வைத்து உறிஞ்சும் வித்தையும் மெல்ல மறைந்தன.

பேனாவுக்குள் என்ன நடக்கிறது?

நிப்புக்குக் கீழே 'நாக்கு' என்று சொல்லும் கட்டை இருக்கிறது. அதில் தலைமுடி அளவுக்கு மெல்லிய வாய்க்கால்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, மை இந்த வாய்க்கால் வழியே தானாக நிப்புக்கு வருகிறது. அதே அளவுக்குக் காற்று உள்ளே போகிறது. இந்த வாய்க்காலில் கரையாத துகள் ஒன்று மாட்டினாலும் பேனா திணறும்.

அதனால் முதல் விதி இதுதான்: பொடி தண்ணீரில் முழுசாகக் கரைய வேண்டும். கரையும் பொருளைச் சாயம் என்பார்கள். கரையாமல் மிதக்கும் பொருள் நிறமி. வீட்டில் கிடைக்கிறதே என்று கை வைக்கக் கூடாதவை:

- துணிக்குப் போடும் நீலப்பொடி: இது அல்ட்ராமரின் என்ற நிறமி. கலக்கினால் கரைந்த மாதிரி தெரியும். மறுநாள் அடியில் படிந்திருக்கும்.
- விளக்குக்கரி: ஓலைச்சுவடி எழுத்தில் தடவ அருமையான பொருள். பேனாவுக்கு எமன்.
- கேசரி பவுடர், ஃபுட் கலர்: கரையும். ஆனால் பல பாக்கெட்டுகளில் உப்போ மாவோ கலந்திருக்கும். அடைப்பும் பூஞ்சையும் இலவசம்.
- ஹோலிப் பொடி, கோலப்பொடி: யோசிக்கவே வேண்டாம்.

'ஃபவுன்டன் பேனாவுக்கானது' என்று தெளிவாக அச்சிட்ட மைப்பொடியை மட்டும் வாங்குவதே பாதுகாப்பு.

தண்ணீர்தான் வில்லன்

காரைக்கால் வீடுகளில் ஹீட்டர் ராடைப் பார்த்தால் தெரியும். வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருக்கும். பாத்ரூம் குழாயிலும் அதே படிவு. கடலோர நிலத்தடி நீரில் இருக்கும் உப்பும் கால்சியமும் செய்யும் வேலை இது. இதே உப்புகள் மைக்குள் போனால் சில சாயங்களோடு சேர்ந்து கரையாத படிவாக மாறும். நிப்பு காயும்போது உப்பு மட்டும் மிஞ்சி வாய்க்காலில் ஒட்டும். எஃகு நிப்பு துருப்பிடிக்கவும் வழியாகும்.

"காய்ச்சி ஆறவைத்தால் போதாதா?" போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு முழுசாகப் போகாது. ஆவி போகப்போக உப்பு இன்னும் அடர்த்தியாகும். கேன் தண்ணீரிலும் தாது உப்புகள் ஓரளவு உண்டு. சரியான வழி, காய்ச்சி வடித்த நீர். மெடிக்கல் ஷாப்பில் 'டிஸ்டில்டு வாட்டர்' என்று கேட்கலாம். பேட்டரிக் கடையில் கிடைக்கும் தண்ணீரும் ஆகும். ஆனால் பேட்டரி ஆசிட்டும் அதே கடையில், அதே மாதிரி கேனில் இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கலப்பது எப்படி?

1. பாக்கெட்டில் சொன்ன அளவே கணக்கு. சொல்லாவிட்டால் 100 மி.லி. தண்ணீருக்கு 1 கிராம் என்று ஆரம்பிக்கலாம். சமையல் தராசு 1 கிராமைச் சரியாகக் காட்டாது. நகை எடை பார்க்கும் குட்டி டிஜிட்டல் தராசு உதவும்.
2. கையுறை, மாஸ்க் அவசியம். ஃபேனை நிறுத்துங்கள். சாயப்பொடி பறந்தால் சுவர், சட்டை, மூக்கு எல்லாம் நீலமாகிவிடும். சில சாயங்கள் உடம்புக்கு ஆகாதவை. மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள்.
3. பாதி தண்ணீரை கை பொறுக்கும் சூட்டில் எடுத்து, அதில் பொடியைத் தூவுங்கள். பொடி மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும்.
4. கண்ணாடிக் குச்சியால் கலக்கி, மீதித் தண்ணீரைச் சேருங்கள். சமையல் பாத்திரம், கரண்டி வேண்டாம். இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.
5. மூடி ஒருநாள் அப்படியே விடுங்கள். பிறகு அடிப்படிவைக் கலக்காமல் காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டுங்கள்.
6. கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, பெயர், தேதி, அளவு எழுதி ஒட்டுங்கள். 'குடிக்கக் கூடாது' என்றும் எழுதுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

முதல் சோதனை விலை மலிவான பேனாவில். மூணு நாள் எழுதிப் பாருங்கள். எழுத்து தாளில் வேர்விட்ட மாதிரி பரவினால் சாயம் அதிகமாகவோ, தாள் மட்டமாகவோ இருக்கலாம். வெளிறினால் தண்ணீர் அதிகம். மூடி திறந்ததும் நிப்பு காய்ந்திருந்தால் அடர்த்தி கூடியிருக்கிறது. தாத்தா பேனாவுக்கு இந்தப் பரீட்சையில் பாஸான மை மட்டும் போகட்டும்.

புழுக்கமும் பூஞ்சையும்

பழைய மை பாட்டிலைத் திறந்ததும் ஒரு மருந்து வாசனை வருமே? பல மைகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஃபீனால் சேர்ப்பது வழக்கம். அது தோலைச் சுடும் நச்சு. வீட்டில் வைத்து விளையாடும் பொருள் கிடையாது. அதற்கு மாற்று ஒன்றுதான்: கொஞ்சமாகக் கலக்குங்கள். 30 மி.லி. கலந்தால் மாசம் தாண்டும். காரைக்கால் புழுக்கத்தில் லிட்டர் கணக்கில் கலந்து வைத்தால் மேலே ஆடை மாதிரி பூஞ்சை படரும். நூல் நூலாக எதாவது மிதந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ, வடிகட்டிக் காப்பாற்ற நினைக்காமல் கொட்டிவிடுங்கள். பேனாவையும் நன்றாகக் கழுவுங்கள். இரண்டு வேறு மைகளைக் கலப்பதும் ஆபத்து. ஒன்று அமிலம், மற்றது காரம் என்றால் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும்.

எதற்கு எழுதலாம், எதற்குக் கூடாது?

இதுதான் பலரும் மறக்கும் கேள்வி. சாதாரண சாய மை தண்ணீரில் கரைந்து உருவானது. தண்ணீர் பட்டால் திரும்பவும் கரையும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது காரைக்காலும் அடி வாங்கியது. வெள்ளம் எட்டிப்பார்க்கும் ஊரில் டைரி, ஷாப்பிங் லிஸ்ட், காதல் கடிதம் எல்லாம் இந்த மையில் எழுதலாம். காசோலை, ஒப்பந்தம், விண்ணப்பம், பத்திரத்தில் போடும் கையெழுத்து ஆகியவற்றுக்கு வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒரு வரி எழுதி, ஒருநாள் காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பதில் கண்ணெதிரே கிடைக்கும்.

தண்ணீருக்கு அசராத மையின் ரகசியம் டெல்டாவுக்குப் புதுசல்ல. கடுக்காயின் துவர்ப்பும் இரும்புச் சத்தும் சேர்ந்தால் கெட்டியான கறுப்பு வரும். தஞ்சை வட்டாரக் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை கலம்காரித் துணிகளில் இருக்கும் கறுப்புக்குப் பின்னால் இதே வேதியியல்தான். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்வதும் இதே வழி. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுத்து நாரோடு நாராகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வீட்டில் செய்த இந்த மை அமிலத்தன்மை கொண்டது, வண்டலும் விடும். தொட்டு எழுதும் நிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேனாவுக்குள் ஊற்றாதீர்கள்.

பேனா அடைத்துவிட்டதா?

பதற வேண்டாம். நிப்புப் பகுதியைக் கழற்றி, சாதாரணச் சூட்டில் இருக்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம். பழைய எபோனைட் பேனாக்கள் அதில் நிறம் மாறும். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் பிளாஸ்டிக் உருகவும் செய்யும்.

மொத்தச் செலவு ஒரு பொடி பாக்கெட், ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர், ஒருநாள் பொறுமை. இதில் எதை விட்டாலும், பொறுமையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வடிகட்டாமல் அவசரமாக ஊற்றிய மைதான் பெரும்பாலும் பேனாவை ரிப்பேர் கடைக்கு அனுப்புகிறது.